டெக்கான் எங்களால் மூழ்கவில்லை

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். முந்தாநாளிலிருந்து அதைப் பகிராதவர்களே இல்லை போலிருக்கிறது. விமானத்தில் அந்த அம்மா காலை மடக்கி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறார், பக்கத்தில் இருந்தவர் படம் எடுத்துப் போட்டுவிட்டார். எடுத்தவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் மதிக்கும் ஒரு நண்பர் அதைப் பகிர்ந்து மேலே எழுதிய வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "கண்டவர்களையும் ஒரு ரூபாய்க்கு ஏற்றினால் இப்படித்தான். ஏர் டெக்கான் மூழ்கியதும் இதனால்தான்."

இல்லை சார். ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்ற அந்த விமான நிறுவனம், ஏர் டெக்கான், இதனால் மூழ்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத், கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து கோரூரில் ஒரு வாத்தியார் மகனாக வளர்ந்தவர். ராணுவத்தை விட்டு வந்து நிலத்தில் இறங்கி விவசாயம் பார்த்தார், பட்டுப்புழு வளர்த்தார், 1997-இல் ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் நிறுவனம் தொடங்கினார். 2003 ஆகஸ்டில் 48 பேர் உட்காரும் ஏடிஆர் விமானத்தை வைத்து பெங்களூரையும் ஹூப்ளியையும் இணைத்தார். சில வாரங்களில் ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்குத் தொடக்க விழா விமானம் கிளம்பும்போது என்ஜினில் தீப்பிடித்தது. உள்ளே வெங்கையா நாயுடு உட்பட அரசியல் தலைவர்கள். அதோடு கடையை மூடிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அவர் மூடவில்லை. 2007 வாக்கில் 60-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு டெக்கான் பறந்தது. நாட்டுக்குள் விமானம் ஏறியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் டெக்கானில் ஏறினார்.

அந்த ஊர்ப் பட்டியலில் எங்கள் தூத்துக்குடியும் இருந்தது. விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்திலிருந்து சென்னைக்கு.

அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவருக்கு டெக்கானில் டிக்கெட் போட்டேன். ரயில் ஏசி டிக்கெட்டை விடக் கொஞ்சம்தான் கூட. போனில் சொன்னதும் அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஏய்யா, வேட்டி கட்டிட்டு ஏற விடுவாங்களா?" விலையைக் கேட்கவில்லை, பயமாக இருக்குமா என்று கேட்கவில்லை. அன்றைக்குப் பேப்பரில் டெக்கான் விளம்பரம் வந்திருந்தது. ஆர்.கே. லட்சுமண் வரைந்த அந்த 'காமன் மேன்'தான் அவர்களுடைய அடையாளம். கட்டம் போட்ட கோட்டு, கீழே வேட்டி. "விளம்பரத்தைப் பாருங்கப்பா, அவரே வேட்டிதான் கட்டியிருக்காரு" என்றேன். வெளுத்த வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். ஏடிஆரில் ஏறும் வாசல் பின்பக்கம் இருக்கும். சீட் நம்பர் கிடையாது, முந்தியவருக்கு ஜன்னல். அப்பா ஓடவில்லை, எல்லாரும் ஏறட்டும் என்று கடைசியாகப் போயிருக்கிறார். யாரோ ஒரு பையன் எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தானாம். அந்தப் போர்டிங் பாஸை அவர் கணக்கு நோட்டுக்குள் ரொம்ப நாள் வைத்திருந்தார்.

சரி, ஒரு ரூபாய்க் கணக்குக்கு வருவோம். ஒரு ரூபாய் டிக்கெட் என்பது விமானம் முழுக்க ஒரு ரூபாய் அல்ல. முன்கூட்டியே போடுகிறவர்களுக்குச் சில சீட்டுகள், அதற்கு மேல் வரி தனி. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதே விமானத்தில் அவசரமாகப் போகிறவர் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார். காலி சீட்டோடு பறந்தாலும் எரிபொருள் கிட்டத்தட்ட அதே அளவுதான் எரியும். மற்றபடி இலவசச் சாப்பாடு கிடையாது, தண்ணீருக்குக் காசு, டிக்கெட் இணையத்தில், பெட்ரோல் பங்க்கில்கூட டிக்கெட் விற்றார்கள். தூக்குச்சட்டியைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, சாப்பாடு தராத விமானத்தில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதில் என்ன கேவலம்?

"நஷ்டத்தில் ஓடியது உண்மைதானே" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நஷ்டம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் விமான எரிபொருளுக்கு மாநில விற்பனை வரி எவ்வளவு என்று தெரியுமா? பெரிய விமானத்துக்கு நம் தமிழ்நாட்டிலேயே 29 சதவீதம் வரை இருந்தது. 2005-06இல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோ ஏர், இண்டிகோ எல்லாம் வரிசையாக வந்து, அடக்க விலைக்கும் கீழே டிக்கெட் விற்றுச் சண்டை போட்டார்கள். பைலட்டுகளை ஒருவரிடமிருந்து ஒருவர் இழுத்தார்கள். டெக்கானிடம் ஏடிஆரும் இருந்தது, ஏர்பஸ்ஸும் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி பைலட், தனித்தனி மெக்கானிக், தனித்தனி உதிரிபாகம். 2006-இல் பங்கு வெளியிட்டபோது சந்தை சரிந்துகொண்டிருந்தது. கோபிநாத் அளவுக்கு மீறி வேகமாக விரித்தார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இதில் எங்கே வருகிறார் வேட்டி கட்டியவர்?

இன்னொன்று. மலிவு டிக்கெட்தான் மூழ்கடிக்கும் என்றால் இண்டிகோ எப்படி நிற்கிறது? 2006-இல் வந்தார்கள், அதே மலிவு டிக்கெட், அதே காசுக்குச் சாப்பாடு. நாட்டுக்குள் பறப்பவர்களில் பாதிக்கு மேல் இன்று அவர்களிடம்தான். ஒரே வகை விமானத்தை மொத்தமாக ஆர்டர் போட்டு நிதானமாக ஓட்டினார்கள். அவர்களிடம் ஏறியதும் நாங்கள்தான். நாங்கள் ஏறினால் நிறுவனம் மூழ்கும் என்ற உங்கள் கணக்கு அங்கே ஏன் பொய்த்தது?

2007-இல் கிங்ஃபிஷரை நடத்திய விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 550 கோடி கொடுத்து டெக்கானில் 26 சதவீதத்தை வாங்கியது. ஐந்து வருடம் உள்நாட்டில் பறந்த நிறுவனம்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்று அப்போது விதி. கிங்ஃபிஷர் 2005-இல் தொடங்கியது, டெக்கான் 2003-இல். இரண்டையும் இணைத்தார்கள், 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷர் பறந்தது. டெக்கானுக்குக் 'கிங்ஃபிஷர் ரெட்' என்று பெயர். காமன் மேன் இறக்கப்பட்டார். 2011-இல் மலிவு விமானமே வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார், 2012 அக்டோபரில் எல்லாமே நின்றது. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. வங்கிகளுக்கு வட்டியோடு 9,000 கோடி பாக்கி. அந்த 9,000 கோடியில் எங்கள் ஒரு ரூபாய் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

"ஒழுங்கு, சுத்தம் வேண்டாமா" என்று ஒருவர் வருவார். அந்த அம்மா சாப்பிட்டார், அவ்வளவுதான். கீழே சிந்தவில்லை, யாரையும் இடிக்கவில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அப்பாவை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஒருமுறை கூட்டிப்போனேன். பக்கத்து சீட்டுக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, வேறு சீட் கிடைக்குமா, இவர்களோடு உட்கார முடியாது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறார். முப்பது வருடம் ஏற்றுமதிக் கடிதம் பார்த்தவர் அப்பா. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எவ்வளவு சொல்லியும் முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு வேறெதிலும் வரவில்லை, கடைசி வரைக்கும்.

அதனால்தான் "ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச முடியவில்லை.

சின்ன ஊருக்கு விமானம் எதற்கு என்பதும் இதோடு ஒட்டிய பேச்சுதான். சேலத்துக்காரர்களைக் கேளுங்கள். சின்ன ஊர்களுக்கு மலிவாக விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, ஜனங்கள் ஏறினார்கள். அந்த நிறுவனம் நொடித்ததும் ஓடுதளம் சும்மா கிடந்தது, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. கோவையில் ஏர் கார்னிவல், விஜயவாடாவில் ஏர் கோஸ்டா, சென்னையில் பாரமவுண்ட், எல்லாம் இப்படியே போயின. ஏறுவதற்கு ஆள் எங்கள் ஊர்களில் எப்போதும் இருந்தார்கள். வாகைகுளத்தில் 2025 ஜூலையில் பளபளவென்று புது முனையம் திறந்தார்கள், சந்தோஷம். பொங்கல், தீபாவளிக்கு டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் மறுபடி பஸ்ஸில்தான் வருகிறார்கள். கோபப்பட வேண்டிய இடம் அது.

காமன் மேனை ஏற்றியதற்காக கோபிநாத்தைத் திட்டுகிறவர்கள், அவரை இறக்கிவிட்டவர்களைப் பற்றியும் ஒரு பதிவு எழுதுங்கள். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.