சிறுநீர் கூடினால் சிறுநீரகம் பிழைத்ததாகுமா?

பைபாஸ் முடிந்து ஐசியூவுக்கு வந்தவரின் கட்டிலருகே செவிலியர் மணிக்கொரு முறை குனிந்து சிறுநீர்ப் பையின் அளவைக் குறித்துக்கொள்வார். எழுபது கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 35 மில்லிக்குக் கீழே இறங்கினால் மருத்துவருக்குத் தகவல் போகும். வெளியே காத்திருக்கும் குடும்பமும் 'யூரின் போகிறதா?' என்றுதான் முதலில் கேட்கிறது. அந்தப் பதற்றம் நியாயமானது. ஆனால் அந்த ஓர் அளவை வைத்து நெசிரிடைட் போன்ற ஒரு மருந்தைக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனை இதயமே சுரக்கிறது. 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். சிறுநீரும் உப்பும் மளமளவென்று வெளியேறின, ரத்த அழுத்தமும் இறங்கியது. அந்த இறக்கத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இவ்வகை ஹார்மோனின் செயற்கை வடிவமான நெசிரிடைட், 2001இல் அமெரிக்காவில் இதயச் செயலிழப்புக்கு அனுமதி பெற்றது. 2007இல் வெளியான 'நாபா' ஆய்வில், இதயத்தின் பம்பிங் திறன் 40 சதவீதமோ அதற்கும் குறைவோ இருந்த சுமார் 300 பைபாஸ் நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு இதையும் மறுபாதிப் பேருக்குப் போலி மருந்தையும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நெசிரிடைட் பெற்றவர்களுக்குச் சிறுநீர் கூடியது, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் அவ்வளவு ஏறவில்லை, ஆறு மாத இறப்பும் குறைவாக இருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் முந்நூறு பேரில் இறப்புக் கணக்கு ஒரு கைப்பிடிதான். நாலைந்து பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் முடிவே மாறிவிடும். ஜப்பானில் இதன் உறவு மருந்தான கார்பெரிடைட்டை அறுவையின்போதே குறைந்த அளவில் தொடங்கிப் பார்த்தார்கள். அங்கும் சிறுநீரும் கிரியாட்டினினும் நம்பிக்கை தந்தன.

2011இல் வந்த பெரிய ஆய்வில், இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 7,000க்கும் மேற்பட்டோரிடம் நெசிரிடைட் இறப்பைக் குறைக்கவில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை என்றாலும் ரத்த அழுத்தத்தை அதிகம் பேருக்குத் தாழ்த்தியது. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து இறங்கியவருக்கு ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கலாம். அழுத்தம் இன்னும் விழுந்தால் அடிபடுவது, நாம் காப்பாற்ற நினைத்த அதே சிறுநீரகம்தான்.

எத்தனை பேர் டயாலிசிஸுக்குப் போனார்கள், எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்று அறுவை நோயாளிகளிடமே ஆயிரக்கணக்கில் எண்ணிக் காட்டட்டும். அதுவரை, அழுத்தம் தள்ளாடும் என் வீட்டுப் பெரியவருக்கு இதை ஏற்றச் சம்மதிக்க மாட்டேன்.