எலிசபெத் ராபின்ஸ்: காதல் கதை போதும், செய்த வேலையைப் பேசுவோம்

நடிகை, எழுத்தாளர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் எலிசபெத் ராபின்ஸ். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது ஆண்களின் பெயர்கள்தான். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் அவருக்கு எழுதிய கடிதங்கள், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவோடு நடந்த உரசல்கள், நார்வே நாடகாசிரியர் இப்சனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த வில்லியம் ஆர்ச்சரோடு இருந்த நெருக்கம். யாரை விரும்பினார், யாரை மறுத்தார் என்றே கதை ஓடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம். நடிகை என்றதும் நம் கண் ஏன் அங்கேயே போகிறது? அவர் செய்த வேலை அத்தனை பெரியது.

1862இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு மகளை டாக்டராக்க ஆசை. மகளோ நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். சக நடிகர் ஜார்ஜ் பார்க்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி மேடையில் வளர வளர அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. இனி உனக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்ற பொருளில் கடிதம் எழுதி வைத்துவிட்டு, 1887இல் பாஸ்டனில் சார்லஸ் ஆற்றில் குதித்து உயிரை விட்டார். எலிசபெத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஒரு பெண் தன் தொழிலில் முன்னேறியதற்கு இப்படி ஒரு கடிதத்தைச் சுமக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

அடுத்த ஆண்டே லண்டன். அங்கே நாடக அரங்குகள் நடிகரே முதலாளியாக இருந்தவர்களின் கையில். தனக்குப் பெரிய வேஷம் இல்லாத நாடகத்தை அவர்கள் ஏன் போடப்போகிறார்கள்? இப்சனின் ‘ஹெட்டா கேப்ளர்’ நாடகத்தை எடுத்துக்கொண்டு எலிசபெத்தும் தோழி மரியன் லீயும் படியேறி இறங்கினார்கள். இது பெண்ணைப் பற்றிய நாடகமாயிற்றே என்று தட்டிக்கழித்தார்கள். சரி, நாமே போடுவோம் என்று இரண்டு பெண்களும் கடன் வாங்கி, 1891 ஏப்ரலில் வாட்வில் அரங்கில் மேடையேற்றிவிட்டார்கள். ஹெட்டாவாக எலிசபெத். பார்த்துவிட்டு வந்த பெண்களில் ஒருவர், நாம் எல்லோருமே ஹெட்டாதான் என்று சொன்னதை எலிசபெத் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், அவருடைய வாக்குரிமைப் போராட்டம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஓட்டைப் பற்றி அவர் அப்போது யோசித்திருக்காவிட்டாலும்கூட. உள்ளே விடமாட்டேன் என்பவனிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது அங்கேயே புரிந்துபோயிருக்கும்.

1906இல் பெண்களுக்கு ஓட்டு கேட்ட தெருக் கூட்டங்களுக்குப் போய், பேசிய பெண்களையும் கூச்சல் போட்டவர்களையும் கூர்ந்து கவனித்தார். கேட்டதை அப்படியே நாடகமாக்கினார். ‘பெண்களுக்கு வாக்குரிமை’ 1907 ஏப்ரலில் லண்டன் கோர்ட் அரங்கில் கிரான்வில் பார்க்கர் இயக்கத்தில் அரங்கேறியது. அதன் இரண்டாம் அங்கம் முழுக்க டிராஃபால்கர் சதுக்கத்தில் நடக்கும் ஒரு பொதுக்கூட்டம். கீழே கேலி செய்யும் கூட்டம், மேலே ஒவ்வொருவராகப் பெண்கள் பேசுகிறார்கள். கடைசியில் நாடகத்தின் நாயகி வைடா லெவரிங் எழுந்து, பெற்ற சிசு இறந்துபோனதற்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள். அவளைக் கெடுத்தவன் ஆண், கைது செய்தவன் ஆண், தீர்ப்புச் சொன்னவனும் ஆண். நூறு துண்டுப் பிரசுரம் செய்யாததை இந்த ஒரு காட்சி செய்யும். இதைப் பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. கூட்டத்தின் ஒவ்வொரு குரலையும் காதில் வாங்கி எழுத நல்ல நடிகையால்தான் முடியும்.

அதே ஆண்டு இந்தக் கதையையே நாவலாகவும் எழுதினார். 1908இல் பெண் எழுத்தாளர் வாக்குரிமைச் சங்கத்துக்கு முதல் தலைவர். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டின் வாக்குரிமை இயக்கத்தில் நிர்வாகக் குழுவிலும் இருந்து, 1912இல் விலகினார்.

அப்புறம் கடிதங்கள். ஹென்றி ஜேம்ஸ் தனக்கு எழுதியவற்றை எலிசபெத்தே 1932இல் தொகுத்து வெளியிட்டார். அதனால் ஜேம்ஸின் குரல் உரக்கக் கேட்கிறது, எலிசபெத்தின் குரல் அடங்கிவிட்டது. ஆனால் தோழி ஃபுளோரன்ஸ் பெல்லோடு பல பத்தாண்டுகள் கடிதத் தொடர்பு இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு நாடகமே எழுதி, பெயர் போடாமல் 1893இல் மேடையேற்றினார்கள். யாராவது எலிசபெத்தைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஜேம்ஸை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நட்பிலிருந்து தொடங்குங்கள்.

ஆக்டேவியா வில்பர்ஃபோர்ஸையும் விட்டுவிடாதீர்கள். டாக்டராக ஆசைப்பட்ட அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கடும் எதிர்ப்பு. அப்பாவின் டாக்டர் கனவை உதறிவிட்டு மேடைக்கு ஓடிய எலிசபெத்தான் அவளுக்குத் துணை நின்று படிக்க வைத்தார். ஆக்டேவியா 1920இல் டாக்டரானார். சசெக்ஸில் எலிசபெத்துக்கு இருந்த பேக்ஸெட்டவுன் வீட்டை, உழைத்துக் களைத்த பெண்களுக்கான ஓய்வு இல்லமாக இருவரும் பிறகு மாற்றினார்கள்.