முடக்கத்தை மட்டும் பழிசொல்ல முடியாது

லெபனானின் அரசியல் இழுபறி தீரும்வரை காத்திராமல் வெளிநாட்டு நிதியைப் பெற்றுச் சீர்திருத்தத்தைத் தொடங்கலாம் என்னும் கட்டுரையாளரின் வாதம் எனக்கு முழுவதும் ஏற்புடையதாக இல்லை. 2018 ஏப்ரலில் பாரிஸ் மாநாட்டில் 1,100 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டது. அடுத்த மாதமே தேர்தல் நடந்தும், அமைச்சர் பதவிகளைப் பங்கிடுவதிலேயே கிட்டத்தட்ட ஒன்பது மாதங்கள் கழிந்தன, மின்துறைச் சீர்திருத்தம் உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறாததால் அத்தொகையின் பெரும்பகுதி வந்து சேரவேயில்லை.

2022 ஏப்ரலில் பன்னாட்டு நாணய நிதியத்துடன் அதிகாரிகள் அளவில் எட்டப்பட்ட 300 கோடி டாலர் உடன்பாட்டுக்கும் அதே கதிதான். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அதிபர் பதவி காலியானதும், புதிய அதிபரைத் தேர்ந்தெடுக்கும்வரை நாடாளுமன்றம் சட்டமியற்றக் கூடாது என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வாதிட்டனர். அந்த நாற்காலி 2025 ஜனவரி 9 வரை காலியாகவே கிடந்தது.

ஆனால் முடக்கம் எல்லோருக்கும் நட்டமில்லை என்பதைக் கட்டுரை தொடவில்லை. நிதி நெருக்கடியில் வங்கிகளுக்கு ஏற்பட்ட இழப்பைப் பங்குதாரர்கள் ஏற்பதா, வைப்பாளர்கள் ஏற்பதா என்பதே அடிப்படைச் சிக்கல்; அரசியல்வாதிகள் பலருக்கு வங்கிகளில் பங்கு உண்டு (இது அங்கே ஊரறிந்த செய்தி), அதனால் தாமதமே அவர்களுக்கு வசதியாக இருந்தது. அதே காலத்தில், வைப்பாளர்கள் பணமெடுப்பதை வங்கிகள் கட்டுப்படுத்தியிருந்ததால், 2022 செப்டம்பரில் பெய்ரூத் வங்கியொன்றில் ஒரு பெண் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி, சகோதரியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தம் குடும்பத்தின் சொந்தச் சேமிப்பையே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.