கம்பெனி கைவிட்டாலும் பாடும் பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு ஸ்பீக்கர் மூன்று ஆண்டுகளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பழுது எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. ஆனால் அதைத் தயாரித்தவர்கள் தங்கள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். சர்வரிடம் கேட்காமல் ஒரு பாட்டைக்கூடப் பாட அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. வேறொன்றை வாங்கியிருந்தாலும் இதே கதை நடந்திருக்கலாம். என் பாட்டு, என் வீட்டு மின்சாரம், என் காது. நடுவில் எங்கோ இருக்கும் ஒருவர் கதவைச் சாத்தினால் எல்லாம் ஊமையாகிவிடும் என்றால், நான் வாங்கியதுதான் என்ன என்று அன்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான், யாருக்கும் கட்டுப்படாத கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் ஒரு பாட்டுப் பெட்டியை நானே செய்ய உட்கார்ந்தேன்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: கையளவு ராஸ்பெரி பை கணினி, அதன் தலையில் செருகிய சிறிய டாக் பலகை (கணினியின் எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது), வீட்டில் ஏற்கெனவே இருந்த ஆம்ப்ளிபையர், இரண்டு பழைய ஸ்பீக்கர்கள், பாட்டுகள் நிறைந்த ஒரு ஹார்டு டிஸ்க். பாடவைக்கும் மென்பொருள் எம்பிடி. 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. இதற்குத் திரை இல்லை, பொத்தான் இல்லை, முகமே இல்லை. பின்னணியில் ஓடிக்கொண்டு, யாராவது கட்டளையிடுவார்களா என்று பிணையத்தில் காது வைத்துக்கொண்டிருக்கும். கைபேசியிலுள்ள ஆப், மடிக்கணினியில் கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினல், உலாவி என எதிலிருந்து வேண்டுமானாலும் கட்டளையிடலாம். ஒரே நேரத்தில் மூன்று பேர் இடலாம். அதனால் வீட்டில் சண்டை வரும், அது வேறு விஷயம்.

புளூடூத் ஸ்பீக்கரில் பாடுவது உண்மையில் கைபேசிதான். ஸ்பீக்கர் வெறும் வாய். அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், கைபேசியோடு நீங்கள் மாடிக்குப் போனால் பாட்டு திக்கும். எம்பிடியில் கைபேசி ரிமோட் மட்டுமே. வரிசையில் பத்துப் பாடல்களைப் போட்டுவிட்டுக் கைபேசியை அணைத்துவிடுங்கள், பெட்டி பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். பத்தும் முடிந்தால் நின்றுவிடும். ‘இது பிடித்திருந்தால் அதுவும் பிடிக்கும்’ என்று பதினொன்றாவதை அதுவாகத் தொடங்காது. ஒரு இசைத்தொகுப்பு முடிந்த பிறகு கூடத்தில் வரும் அந்த நிசப்தத்தை எத்தனையோ ஆண்டுகளாக மறந்திருந்தேன்.

இதெல்லாம் பொழுதுபோகாதவர்கள் வேலை என்று சொல்பவர்களுக்கு ஸ்குவீஸ்பாக்ஸ் கதையைச் சொல்வது என் வழக்கம். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம் பிணையத்தில் பாட்டுக் கேட்கும் பெட்டிகளைச் செய்தது. 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்தியது. அதற்கான இணையச் சேவையும் 2024-இல் மூடப்பட்டது. என் அலமாரி ஸ்பீக்கருக்கு நேர்ந்தது போலவே அவையும் அன்றோடு ஊமையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வீட்டுக் கணினியில் ஓடும் அதன் சர்வர் மென்பொருள், யாரும் எடுத்து மாற்றி எழுதக்கூடிய திறமூலமாக இருந்ததுதான் காரணம். பயனர்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. பழைய பெட்டிகள் பாடுகின்றன. பெட்டி இல்லாதவர்களும் ஸ்குவீஸ்லைட் என்ற சின்னஞ்சிறு நிரலை ராஸ்பெரி பையில் ஓட்டி, அதையே ஒரு ஸ்குவீஸ்பாக்ஸாக நடிக்கவைக்கிறார்கள். கம்பெனி போன பிறகும் பெட்டி பாடுவதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி என் அசட்டுத்தனங்கள்.

முதலில் டாக் பலகை வாங்கவில்லை. ராஸ்பெரி பையிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். (ஐந்தாம் தலைமுறையில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள்.) அந்தத் துளைக்குப் பின்னால் சரியான ஒலி மாற்றிச் சில்லு எதுவும் கிடையாது, மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியைப் போலி செய்கிறது. பேச்சுக்குப் போதும். பாட்டின் மெல்லிய இடங்களில் பின்னால் மழை தூறுவது போல ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒலியும் பலவீனமாக வந்ததால் ஆம்ப்ளிபையர் குமிழை முக்கால்வாசி திருகிவைத்திருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு டாக் பலகை வந்தது. நாற்பது ஊசிகளின் மேல் பொருத்தினேன், அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன், மறுபடி இயக்கினேன். ஒலி அட்டைகளின் பட்டியலில் அதன் பெயர் வந்துவிட்டது. அப்போது இரவு பதினொன்றே முக்கால். ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் படுக்கலாம் என்று டெர்மினலில் கட்டளையை அடித்தேன். திரையில் ஒலியளவு என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘பொருந்தாது’ என்ற பொருளில் ஏதோ இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் வீடு அதிர்ந்தது.

நடந்தது இதுதான். என் பலகையிலிருந்த பிசிஎம்5102 சில்லில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. நானோ எம்பிடியிடம் ‘வன்பொருளின் ஒலியளவைப் பயன்படுத்து’ என்று எழுதிவைத்திருந்தேன். இல்லாத குமிழை அது தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, முழு ஒலியளவில் திறந்துவிட்டது. எதிர்முனையில் ஆம்ப்ளிபையர் முக்கால்வாசியில் காத்துக்கொண்டிருந்தது. கட்டளையை நிறுத்தத் தோன்றவில்லை, ஓடிப்போய் மின்செருகியைப் பிடுங்கினேன். அமைப்புக் கோப்பில் ஒலியளவை எது கவனிப்பது என்று சொல்லும் மிக்சர் வகையை மென்பொருள் என்று மாற்றினால் போதும், ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்காக மறுநாள் காலை வீட்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மின்செருகியைப் பிடுங்கியதற்குத் தண்டனை தனியாக வந்தது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை சிதையலாம், என்னுடையது சிதைந்தது. மறுநிறுவல். இப்போது கார்டை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டிவைத்திருக்கிறேன். ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியிலேயே அந்த வசதி இருக்கிறது. பைகோர்பிளேயர் போன்ற, பாட்டுக்கென்றே செய்த லினக்ஸ் வடிவங்கள் தொடங்கியதும் முழுக்க நினைவகத்துக்கு ஏறிக்கொள்வதால் அவற்றுக்கு இந்தப் பயமே குறைவு. கட்டளைகள் அடிக்கப் பிடிக்காதவர்கள் மூட், வாலுமியோ போன்ற ஆயத்த வடிவங்களில் ஒன்றைக் கார்டில் பதித்து, மீதியை உலாவியிலேயே முடித்துக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒலித்தரம் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு இது போதும். மனிதக் காது இளமையிலேயே 20-ஐத் தாண்டுவதில்லை, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். ஆகவே நொடிக்கு 1,92,000 மாதிரிகள் எடுத்த ‘192 கிலோஹெர்ட்ஸ்’ கோப்புக்கும் தங்கமுலாம் பூசிய கேபிளுக்கும் ஏங்க வேண்டாம். அந்த ஏக்கத்தை ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில் காட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தபோது எனக்குக் கேட்ட மாற்றத்தை எந்தக் கோப்பும் தரவில்லை. சேமிப்பதற்கு மட்டும் ஃபிளாக் வடிவத்தைப் பிடிவாதமாகப் பரிந்துரைப்பேன். ஒரு மணி நேரச் சிடி சுமார் 635 எம்பி. ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும், ஒரு பிட்டும் இழக்காமல். நாளை வேறு வடிவம் வந்தால் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். எம்பி3-யிலிருந்து மாற்றினால், ஏற்கெனவே தூக்கியெறிந்தது தூக்கியெறிந்ததுதான்.

இவ்வளவு சொன்னாலும், லினக்ஸ் பகுதி இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டது. முடியாத வேலை பாட்டுக் கோப்புகளின் நூலகம்தான். யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் குறை.

இருபது ஆண்டுகளாக இங்கும் அங்கும் சேர்த்த கோப்புகளை எம்பிடியிடம் கொடுத்தேன். ஒரே இசையமைப்பாளர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டு நான்கு ஆட்களாக வந்து நின்றார். ‘அறியப்படாத கலைஞர்’ என்ற மகானுபாவர் நானூற்றுப் பன்னிரண்டு பாடல்களைப் பாடியிருந்தார். பலர் பாடிய தொகுப்பில் ‘தொகுப்புக் கலைஞர்’ என்ற குறிப்பு கோப்புக்குள் எழுதப்படாவிட்டால், ஒரு தொகுப்பு எட்டுத் துண்டுகளாகச் சிதறும். தமிழில் குறிப்பு எழுதப்பட்டவற்றில் தனிச் சோதனை. எம்பி3-யின் முதல் குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 பைட்டுகள்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பத்துக் குறியீட்டோடு கதை முடிந்தது. பாதிச் சொல்லில் தொங்கும் தலைப்புகளைப் பார்த்து எது எந்தப் பாட்டு என்று ஊகிப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

பிக்கார்டு என்ற கட்டற்ற மென்பொருள் பாட்டின் ஒலியையே கைரேகை போல ஒப்பிட்டு, மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்துத் தருகிறது. ஆனால் தரவுத்தளத்தில் யாரோ சேர்த்திருந்தால்தானே கிடைக்கும்? என்னிடமிருந்த தமிழ்த் தொகுப்புகளில் பல அங்கே இல்லை. கணக்குத் தொடங்கி நானே சேர்க்கத் தொடங்கினேன். சிடி உறையைக் கையில் வைத்துக்கொண்டு வயலின் யார், பதிவு செய்த ஆண்டு எது என்று தட்டச்சு செய்வது சலிப்பான வேலைதான். இருந்தாலும் இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அடுத்தவர் அதே சிடியைப் போடும்போது விவரங்கள் தாமாக வந்து விழும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டு முழுவதும் மாதச் சந்தா சேவையில்தான் இருக்கிறது என்றால் இந்தப் பெட்டியால் பெரிய பயன் இல்லை. அந்தச் சேவைகளை லினக்ஸில் ஒலிக்கவைக்கும் திறமூல நிரல்கள் சில உண்டு, ஆனால் பெரும்பாலும் அதிகாரப்பூர்வமற்றவை; எதிர்ப்பக்கம் ஏதாவது மாற்றினால் ஒரே நாளில் நின்றுபோகும். ஆக, நாம் எங்கிருந்து ஓடிவந்தோமோ அங்கேயே போய் நிற்போம். சொந்தமாகக் கோப்புகள் இருப்பவர்களுக்கே இது. ஐபோனிலிருந்து பாட்டை அனுப்ப ஷேர்போர்ட் சிங்க், பல அறைகளில் எதிரொலி இல்லாமல் ஒரே பாட்டைக் கேட்க ஸ்னாப்காஸ்ட் என்று அடுத்த படிகள் உண்டு. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. அவ்வளவுதான் அவற்றைப் பற்றி.

எனக்குத் திருப்தியாக இருந்தது, அப்பாவுக்கு இல்லை. ‘பாட்டைக் கூட்டுவதற்குக் கைபேசியைத் திறந்து, கண்ணாடியைத் தேடி, ஆப்பைத் தேடி... ஒரு குமிழ் வைக்கக் கூடாதா?’ என்றார். நியாயம். சுழலும் குமிழ் ஒன்றை வாங்கி, ராஸ்பெரி பையின் ஊசிகளில் கம்பிகளை இணைத்து, இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன்: திருகினால் ஒலியளவு, அழுத்தினால் அடுத்த பாட்டு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வலப்பக்கம் திருகினார், ஒலி குறைந்தது. மேலும் திருகினார், மேலும் குறைந்தது.

‘கம்பி இரண்டும் மாறியிருக்கும், அப்பா. நிரலில் சரிசெய்துவிடுகிறேன்’ என்று மடிக்கணினியை எடுத்தேன். அவர் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நடுக்கம்பியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கழற்றி மாற்றிச் செருகினார். திருகிப் பார்த்துவிட்டு, நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.