தூண்டில் யார் கையில்?

டொராண்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி உறைந்து கிடக்கும் பிப்ரவரி மாதத்தில், சிறுவர்களுக்கென்று ஊர்க்காரர்கள் நடத்தும் பனிக்கட்டி மீன்பிடிப் போட்டி ஒன்றுக்கு மகளை அழைத்துச் சென்ற நான், குளிரைவிடப் பெற்றோர்களாலேயே அதிகம் நொந்து திரும்பினேன். ஒன்டாரியோவில் வசிக்கும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை என்பதால், சிறிய தூண்டிலும் கதகதப்பான உடையும் இருந்தாலே பிள்ளைகள் கலந்துகொண்டுவிடலாம். ஆனால் அங்கே பிள்ளைகள் கவிழ்த்துப்போட்ட வாளிகளின்மேல் அமர்ந்து வேடிக்கை பார்க்க, அப்பாக்கள்தாம் பனிக்கட்டியில் துளைமேல் துளையாகப் போட்டு, மீன் நிற்கும் ஆழத்தைத் திரையில் காட்டும் கருவியை இறக்கி, தூண்டிலைக் கைவிடாமல் குந்தியிருந்தார்கள். மஞ்சள் பேர்ச் மீன் இரையைத் தொடுவது பல வேளைகளில் மிக மெல்லிய அசைவாகத்தான் தெரியும். அதை விரலில் உணர்ந்து சரியான கணத்தில் சுண்டுவதில்தான் இந்த விளையாட்டின் சுவையே இருக்கிறது. அந்தக் கணத்தைத் தாமே அனுபவித்துவிட்டு, மீன் மேலே வந்த பிறகு படம் எடுப்பதற்காக மட்டும் பிள்ளையின் கையில் தூண்டிலைத் திணிப்பதை என்னவென்று சொல்வது? அளக்கும் மேசையில் வாலை நீவி நீவி ஒரு மில்லிமீட்டருக்காக வாதாடியவருக்கும் நாற்பது வயதாவது இருக்கும்; பரிசோ ஒரு பிளாஸ்டிக் தூண்டில் பெட்டி. என் மகளுக்குக் கிடைத்தது உள்ளங்கை நீள மீன் ஒன்றுதான் என்றாலும் அதை அவளே பிடித்தாள்; இடையில் நானும் இருமுறை கை நீட்டி, அவள் முறைத்ததும் பின்வாங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை.