இருபதுக்கு முப்பது போடாதீர்கள்

ஒரே மாதத்தில் என் காரின் ரேடியேட்டர் ஃபேனுக்கு மூன்று ஃபியூஸ் போய்விட்டது. மூன்று முறையும் திண்டிவனம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நிற்கும். காருக்கு வயது 22. சரி, அதைக் குறை சொல்லவில்லை. கோபமெல்லாம் மெக்கானிக் மேல்தான். மஞ்சள் நிற 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிட்டு, "இனிமே போகாது சார்" என்றார். ஃபியூஸ் போகவில்லை, ஒயர் கருகியது!

கோளாறு எங்கே என்று தெரிய, ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சரியான ஃபியூஸைப் போட்டு, ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவை ஆன் செய்து பார்க்க வேண்டும். ஃபியூஸ் போகாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு. அப்போதும் போனால் ஒயரில். பத்து நிமிட வேலை. அப்புறம் நானே பார்த்தேன். ரேடியேட்டர் பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, ஒயரின் செம்பு பளபளவென்று தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது.

இரண்டடி ஒயர், அதன் மேல் உறையாக ஒரு ஸ்லீவ், அவ்வளவுதான். இதைத் தேட ஏன் யாருக்கும் பொறுமையில்லை? பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்து வருகிறார்கள் ஐயா!