இரண்டு ரூபாய்ப் பஞ்சாயத்து

2022 மே மாதம், உணவு டெலிவரி நிறுவனமான ஜொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் பங்குகளிலிருந்து சுமார் 700 கோடி ரூபாயை டெலிவரி ஊழியர்களின் பிள்ளைகள் படிப்புக்காக ஒதுக்கினார். நல்ல காரியம்தான். கொடுக்க மனம் வராத கோடீஸ்வரர்கள் நிறைந்த நாட்டில் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒரு செய்தி வந்ததும் கர்ணன், பாரி என்று பட்டம் கட்டக் கிளம்பிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. முல்லைக்கொடி பாரியிடம் வேலை பார்க்கவில்லை. இங்கே வாங்குகிறவர்கள் வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டியவர்கள்.

இந்தச் செல்வம் சேர்ந்த விதத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் ஜொமாட்டோ நட்டக் கணக்கோடுதான் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாளே அதன் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமோ, சமூகப் பொறுப்புக்கு மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிடு என்கிறது. லாபமே இல்லாவிட்டால் பொறுப்பும் பூஜ்யம். கம்பெனி கணக்கில் நட்டம், நிறுவனர் கையில் பல நூறு கோடி மதிப்புள்ள பங்கு: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நாட்டின் செல்வத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் கணக்குக் காட்டினார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது?

2024 அக்டோபரில் கோயலே சீருடை மாட்டிக்கொண்டு குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்கு உணவு எடுக்கப் போனார். லிப்ட் கிடையாது, படியேறிப் போ என்றார்கள். மூன்று மாடி ஏறிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே விடமாட்டார்கள், படிக்கட்டிலேயே நிற்கவேண்டும் என்று. அவரே இதை எழுதினார். அவருக்கு அது ஒரு நாள் அனுபவம். சென்னையில் எந்தப் பிரியாணிக் கடை வாசலிலும் மாலையில் பார்க்கலாம்: நிறுத்திய வண்டியில் சாய்ந்தபடி, கைபேசியை பவர் பேங்கில் செருகி, காவலாளி விரட்டினால் பத்தடி தள்ளி நகர்ந்து நிற்கும் இளைஞர்களை. அவர்கள் உட்கார அண்ணா நகரில் குளிர்சாதன அறை கட்டிக்கொடுத்தது மாநகராட்சி. வரிப்பணம், அதாவது நம் பணம்.

சரி, சட்டம் என்ன கேட்கிறது? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஜொமாட்டோ போன்ற செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குக் கட்டவேண்டும். அதற்கும் உச்சவரம்பு உண்டு: தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம். ஒரு ஆர்டருக்கு 40 ரூபாய் கொடுத்தால் நிதிக்கு அதிகபட்சம் இரண்டு ரூபாய். இதற்குத்தான் தொழில் படுத்துவிடும், முதலீடு ஓடிவிடும் என்ற புலம்பல். 2023 ஆகஸ்டில் இதே ஜொமாட்டோ வாடிக்கையாளரிடம் ஆர்டருக்கு இரண்டு ரூபாய் என்று வாங்கத் தொடங்கிய பிளாட்ஃபார்ம் கட்டணம் 2024 தீபாவளிக்குள் பத்து ரூபாயானது. யாரும் பட்டினி கிடக்கவில்லை, தொழிலும் படுக்கவில்லை.

ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் இத்தகைய தொழிலாளர்களுக்கென்றே சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் இவர்களுக்கு நலவாரியம் அறிவித்தார்கள். வாரியம் இருந்தால் மட்டும் போதுமா, அதன் கஜானாவில் நிறுவனங்களின் பணம் விழவேண்டாமா? அடுத்த முறை தொழில்நுட்ப நிறுவனர் யாராவது மேடையேறிச் சமூகப் பொறுப்பு பற்றிப் பேசினால், அந்த நிதிக்கு இந்தக் காலாண்டில் எவ்வளவு கட்டினீர்கள் என்று யாராவது எழுந்து கேளுங்கள்.